குருமூர்த்தியின் ஒண்டியாட்டம்

மத்தியானம் பன்னிரண்டே முக்கால். செராமிக் எஸ்டேட்டின் பின்பக்கச் சாலை. அக்கினி நட்சத்திர வெயிலில் நாய்கூட நடக்காது அங்கே.

ராத்திரியில்தான் பேய் வரும் என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். பிரின்சி, அந்தச் செல்போன் வெளிச்சத்தை அணை. கரண்ட் வரும்வரை பேக்கிங் வேலை நடக்கப்போவதில்லை. கேளுங்கள்.

என் தோழி பூங்கோதையின் சித்தப்பா குருமூர்த்திக்கு நடந்தது இது. போன வருஷம். அந்த ஆளுக்கு நான் 'அவர்' போடுவது பூங்கோதைக்காக மட்டும்தான். நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒரு பீங்கான் கம்பெனிக்கு வாட்ச்மேன். திருடுவதற்கு ஒன்றுமே இல்லாத இடத்துக்குக் காவல்! அதையும் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு பார்த்தார். விழித்திருக்கும் நேரமெல்லாம் சீட்டு. கூட ஆட ஆள் கிடையாது, யார் ஆடுவார்கள் அவரோடு? அதனால் ஒண்டியாட்டம்.

உங்களுக்குத் தெரியாதா? ஏழு வரிசை. முதல் வரிசையில் ஒரு சீட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஏழாவதில் ஏழு. மேல் சீட்டு மட்டும் மல்லாந்திருக்கும், அடியில் இருப்பதெல்லாம் கவிழ்ந்திருக்கும். சிவப்பின்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் சிவப்பு... பெரியதிலிருந்து சின்னதுக்கு இறங்கவேண்டும். மேல் சீட்டு நகர்ந்தால்தான் கவிழ்ந்ததைத் திருப்பலாம். ஏஸ் கிடைத்தால் தனியே எடுத்து வைத்து, அதன்மேல் ஆட்டின் என்றால் ஆட்டின், கிளாவர் என்றால் கிளாவர், அதே பூவில் இரண்டு, மூன்று என்று ராஜா வரைக்கும் ஏற்றவேண்டும். நாலு ராஜாவும் ஏறிவிட்டால் ஆட்டம் வந்தது.

அவ்வளவுதான். எதிரில் ஆளே இல்லாத ஆட்டம். அதிலும் ஏமாற்றுவார் குருமூர்த்தி! தன்னையே ஏமாற்றி, தானே ஜெயித்து, மீசையை வேறு தடவிக்கொள்வார். இப்படிப்பட்ட மனுஷனை என்னவென்று சொல்ல?

அன்று போன் வந்தது. மகள் வேல்விழி. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, டவுனில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதது.

"அப்பா, அம்மாவுக்குக் குடல்வாலாம். ஒடனே ஆபரேசன் பண்ணணுமாம். நீங்க வந்து கையெழுத்து போடணும்ங்கறாங்க. சீக்கிரம் வாங்கப்பா..."

"வரேன் இரு. நான் ரோசன பண்ணணும்."

ரோசனை! சைக்கிளை எடுத்தால் இருபது நிமிஷம். மனைவி கண்ணம்மாள் அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள். இவர் சீட்டைக் கலைத்தார்.

"இந்த ஆட்டம் வந்தா ஆபரேசன் போடலாம், கண்ணம்மா பொழச்சுக்குவா. வரலன்னா வாணாம்." கம்பெனியின் பழைய சூளைக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகவே சொன்னார்.

யாரிடம் சொன்னார் என்று அப்போது யோசிக்கவில்லை.

பாதியில் ஆட்டம் சிக்கியது. மூன்றாவது வரிசையில் சிவப்பு ஆட்டின் எட்டு. அது நகர ஒரு கறுப்பு ஒன்பது வேண்டும். இல்லை. குருமூர்த்தி என்ன செய்வார்? எட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். கிளாவர் ஏஸ். உருவி மேலே வைத்தார்.

டிங்...

சூட்டோடு எடுத்த பீங்கான் ஆறும்போது வருமே, அந்தச் சத்தம். நமக்குத் தெரியாததா? ஆனால் அந்தச் சூளை கடைசியாக எரிந்து நாலு வருஷம். திரும்பிப் பார்த்தார். சாம்பல்கூட இல்லை. மறுபடி குனிந்தால்... ஏஸ் மேலே இல்லை. எட்டுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது.

காற்று என்று நினைத்துக்கொண்டார். இலை அசையாத வெயிலில் காற்றாம்! மறுபடி உருவினார். டிங்... டிங்... மறுபடி எட்டுக்கு அடியில்.

ஈரக் களிமண் வாசனை. பக்கத்தில். ரொம்பப் பக்கத்தில்.

நீங்களும் நானும் என்றால் சைக்கிளைக்கூட விட்டுவிட்டு ஓடியிருப்போம். இவர் மூன்றாவது தடவையும் ஏஸை எடுத்து, கால் கட்டைவிரலால் தரையோடு அழுத்திக்கொண்டு மிச்சத்தை ஆடினார். கட்டைவிரலை யாரோ பிடித்துத் தூக்கினார்கள். சில்லென்று, வழவழவென்று, சேறு பூசிய விரல்கள். இவர் இன்னும் அழுத்தினார். பிடி கொஞ்ச நேரம் இருந்தது... பிறகு தானாக விட்டது. போகட்டும் என்பதுபோல.

நாலு ராஜாவும் ஏறின. ஆட்டம் வந்துவிட்டது. போய்க் கையெழுத்துப் போட்டார்.

கண்ணம்மாள் பிழைத்தாள். சாயங்காலம் மயக்கம் தெளிந்து கண் திறந்தாள். சீட்டில் சிவப்பு எது கறுப்பு எது என்றுகூடப் பார்க்காதவள் அவள், சீட்டுக்கட்டைக் கண்டால் அடுப்பில் போடுவேன் என்பவள். வேல்விழி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவள் மகளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"எட்டுக்கு அடியில இருந்தத ஏன் எடுத்தீங்க? அந்த ஆட்டம் செல்லாது. மறுபடியும் போடுங்க."

வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் மத்தியானம் ஆட்டம். அவர் சீட்டுப் போடுவார், அவள் எதிரில் உட்காருவாள். ஏமாற்ற முடியாது. நேர்மையாக ஆடினால் அந்த ஆளுக்கு எங்கே வரும் ஆட்டம்? பூங்கோதைதான் ஒருநாள் துணிந்து கேட்டாள்.

"சித்தி, ஆட்டம் வந்துட்டா என்ன ஆவும்?"

"நான் போயிடுவேன். கண்ணம்மா வந்துடுவா."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"சூளையில. இருட்டா இருக்குதுன்னு அழுவுறா."

வேல்விழி இதைக் கேட்டுக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் தவறாமல் அப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டும் திரும்பும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அம்மா வேண்டும் அந்தப் பிள்ளைக்கு. வேறொன்றும் கேட்கவில்லை.

குருமூர்த்திக்கு? கண்ணம்மாள் இருந்தவரை, ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை, ஏன் வேலைக்குப் போகவில்லை என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் உடம்பில் வந்து உட்கார்ந்திருக்கும் இது ஒன்றும் கேட்பதில்லை. சுடச்சுடச் சமைக்கிறது, துணி துவைக்கிறது, பாய் விரிக்கிறது. ஆள் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை அங்கே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அன்று சீட்டு தானாக வழிவிட்டது. ஒரு தப்பும் இல்லாத ஆட்டம். மூன்று ராஜா ஏறியாயிற்று. கையில் ஒரே சீட்டு, டைமன் ராஜா. வைத்தால் முடிந்தது. வேல்விழி பார்க்கப் பயந்து தண்ணீர் குடிக்க உள்ளே ஓடியது.

அந்த ஒரு நிமிஷத்தில் குருமூர்த்தி ராஜாவைத் தொடைக்கு அடியில் செருகினார். மிச்சச் சீட்டை எல்லாம் கலைத்துவிட்டார்.

"வந்துடுச்சாப்பா?" ஓடிவந்தது பிள்ளை.

"இல்லம்மா. இன்னிக்கும் வரல."

பூங்கோதை வாயைத் திறந்தாள். எதிரில் இருந்தது மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அது எல்லாவற்றையும் பார்த்திருந்தது. ஆனால் இந்தத் தடவை செல்லாது என்று சொல்லவில்லை. எழுந்துபோய்ச் சோற்றுப் பானையைக் கொண்டுவந்து, குருமூர்த்தியின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தது.