பூமிசாமிக்கு ஆறாவது குழாய்

எண்ணெய் சிந்திய தரையில் மரத்தூள் போட்டால் சுத்தமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சுத்தம் இல்லை ஐயா, மறைப்பு. தாய்லாந்தில், லம்பாங் ஊரில் எங்கள் பேருந்துப் பட்டறைத் தரை இருபத்திரண்டு வருடம் அப்படி மறைந்து கிடந்தது.

பட்டறையின் மூத்த மெக்கானிக் புன்லு அண்ணன் எனக்குத் தகப்பன் இடத்தில் இருந்தவர். அவர் அஸ்தியை நான்தான் ஏந்தி வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்பு, பட்டறை முழுவதற்கும் ஒரே இடத்திலிருந்து எண்ணெய் போகும்படி ஏற்பாடு செய்தேன். பீப்பாய்கள் எல்லாம் பின்னறையில். அங்கேயே காற்றழுத்தப் பம்பு. கூரையோரமாக ஐந்து குழாய்கள்: என்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கிரீஸ், ரேடியேட்டருக்கான கூலன்ட். நிற்கிற வண்டிக்கு மேலேயே குழாய் தொங்கும். இழுத்து விசையை அழுத்தினால் போதும், ஊற்றிய அளவை மீட்டர் காட்டும். யாரும் நடக்க வேண்டாம். ஒரு சொட்டு கீழே விழாது.

அண்ணன் மட்டும் பழைய தகர டப்பாவோடு பின்னறைக்கு நடந்தார். சொட்டச் சொட்டத் திரும்பினார்.

"என்னடா தாவி, பஸ்ஸுக்கெல்லாம் குளுக்கோஸ் ஏத்துறியா?"

"நர்ஸுதான் இல்லண்ணே," என்றார் மெக்கானிக் செங். மறுநாள் அவர் கையிலும் டப்பா. வாரக் கடைசியில் மற்ற நான்கு பேர் கையிலும்.

பொறுமையாகத்தான் கேட்டேன். "குழாய்ல என்னண்ணே குறை?"

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. பூமிசாமிக்குத்தான் கோவம். எல்லாருக்கும் குழா போட்டியே, அவருக்குப் போட்டியா? போடு, நானும் டப்பாவ வச்சிடுறேன்."

பட்டறை நிலத்தைக் காக்கும் பூமிசாமியின் குட்டி வீடு வாசலில் ஒற்றைத் தூண்மேல் இருக்கிறது. தினமும் காலையில் அண்ணன் அங்கே ஒரு கிளாஸ் சிவப்பு சோடா வைப்பார். ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் கைகூப்பி, "சாமி, மிச்சத்த நான் எடுத்துக்கவா?" என்று கேட்டுவிட்டு அவரே குடிப்பார். வீணாக்கக் கூடாதாம். சிந்தாமல் அவர் செய்த வேலை அது ஒன்றுதான்.

அவர் கேலிக்குச் சொன்னார் என்று தெரியும். ஆனாலும் கோரிக்கை நியாயமானது. ஆறாவது குழாயைச் சாமி வீடு வரை இழுத்தேன். சோடாவைப் பம்பில் விட முடியாது. நுரைத்து மீட்டரைக் குழப்பும். நுரைக்காமல், சிவப்பாக, தித்திப்பாக எங்களிடம் இருந்தது கூலன்ட்தான். அதிலிருந்து ஒரு கிளை எடுத்தேன். பீப்பாயில் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கிறது, உண்மை. கிளாஸில் போடவில்லை.

"இது சோடாதானடா?" என்றார் அண்ணன்.

"சாமிக்குன்னே தனியா விட்டதுண்ணே." அதில் பொய் எதுவும் இல்லை.

குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். "கேஸ் போயிருக்கு. ஆனா தித்திப்புக்குக் குறைச்சல் இல்ல. பரவால்லடா, உன் குழாயும் ஒரு குழாய்தான்."

அன்று மாலை டப்பாவை ஆணியில் மாட்டினார். மற்ற நால்வரும் மாட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் நாளே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். அன்றுதான் ஐயா அவர் டப்பாவை வைத்தார்.

மூன்று நாளும் மீட்டர் ஒரே அளவைக் காட்டியது. நான்காம் நாள் தள்ளாடிக்கொண்டு வந்தார். "காலையிலேயே ஏத்தியாச்சா அண்ணே?" என்று செங் சிரித்தார். ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் என்றார்கள். என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் என்னைக் கேட்டார். பிரசாதம் என்றேன். ஆறாம் நாள் போய்விட்டார்.

பட்டறைத் தரையைப் போய்ப் பாருங்கள். முகம் தெரியும்.

விசையை அழுத்தியவன் நான். அவர் குடிப்பார் என்றும், குடித்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஆனால் அண்ணன் மூன்று நாளும் முறையாக அனுமதி கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கவும் செய்தார். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் சாமி. நான் பக்கத்திலேயேதான் நின்றேன் ஐயா. அவர் வாயைத் திறக்கவே இல்லை.