இரண்டு பஸ்ஸுக்கு நடுவே

— என் கதையைப் படிச்சீங்களா, இல்ல மேஞ்சீங்களா?

— படிச்சேன்மா. கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவ. ஒரு இடம்தான் புரியல.

— எது?

— 'அவள் டிரைவரின் முகத்தைப் பார்க்கவில்லை.' ஏன் பாக்கல? சைக்கிள்ல குறுக்க வர்றவ டிரைவரைப் பாக்க வேணாமா?

— பாக்கக் கூடாதுங்க. அதான் விஷயமே.

— இத்தனை வருஷமா பஸ் ஓட்டுறவன்கிட்ட சொல்ற.

— உங்களுக்கு ஓட்டத் தெரியும். நடுவுல பூந்து போறவ மனசு தெரியுமா?

— சரி, சொல்லு. பாத்தா என்ன ஆகும்?

— அவ உங்களைப் பாக்கறா, நீங்களும் அவளைப் பாக்கறீங்க. உடனே என்ன நெனப்பீங்க?

— நம்மளப் பாத்துட்டா, ஒதுங்கிடுவான்னு நெனப்பேன்.

— அப்ப வேகத்தைக் குறைக்க மாட்டீங்க. பாக்கவே இல்லன்னா?

— பதறிப்போய் பிரேக்கை மிதிப்பேன்.

— அவ்வளவுதான். மேல நிமிரவே கூடாது. வண்டியோட முன்சக்கரத்தை மட்டும் பாக்கணும். அது எந்தப் பக்கம் திரும்புதோ அதுக்கு மறுபக்கம் பூந்துடணும்.

— அடப்பாவிங்களா. எங்க பயத்தை நம்பியா இவங்க சைக்கிள் ஓட்டுறாங்க?

— பின்ன, பிரேக்கை நம்பியா?

— யார் சொன்னா உனக்கு இதெல்லாம்?

— நம்ம குட்டி கூட லேப்ல வேலை பாத்தாளே, அந்தப் பொண்ணு. நம்மவதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாளாம்.

— நல்ல படிப்பு… கதையில குட்டின்னு எங்கயும் போடலியே.

— போட்டுப் பாத்தேன். உயிரோட இருந்தப்ப ஒரு நாளைக்கு நூறு தடவ கூப்பிட்ட பேரு. எழுதினா அதுக்கு மேல கை நகர மாட்டேங்குது. அதான் வெறும் 'அவள்'.

— ம்… முடியை எதுக்குச் சுருட்டையாக்கின?

— கதைங்க. கொஞ்சமாவது மாத்த வேணாமா?

— மூக்கை மாத்தலியே. என் மூக்கு அப்படியே உக்காந்திருக்கு.

— அதை மாத்த என்னால ஆகுமா? அவளே கண்ணாடி முன்னாடி நின்னு உங்களைத் திட்டுவா.

— திட்டட்டும்… இன்னொண்ணு. ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல போனா ரெண்டு காலும் சுடும்னு எழுதியிருக்க. எஞ்சின் சத்தம் காதுல கேக்காது, பல்லுல கேக்கும்னு. இதுவும் அந்தப் பொண்ணு சொன்னதா?

— ஆமா.

— எங்க டிப்போவுல ஒருத்தனுக்கும் இப்படிச் சொல்ல வராது.

— அவ நல்லாப் பேசுவா.

— உன் முழங்கைக்கு என்ன ஆச்சு?

— லைப்ரரியில அலமாரி இடிச்சிடுச்சு.

— அலமாரி இடிச்சா சிராய்க்குமா?

— பழைய அலமாரி. நீங்க கதையைப் பத்திப் பேசுங்க.

— கதையைப் பத்தித்தான் கேக்கறேன். அப்படி ஓட்டுறதுல என்னத்தைத்தான் கண்டா குட்டி? நேரமாச்சுன்னு பறந்தாளா?

— இல்லீங்க. லேப் திறக்கறதுக்கு முன்னாடியே போய் வாசல்ல நிப்பாளாம்.

— அப்புறம் எதுக்கு? வாய் வலிக்கச் சொன்னேனே. பஸ்ஸோட கதவுப் பக்கம் ஒட்டாத, கண்ணாடியில தெரிய மாட்டன்னு…

— சொன்னீங்க. நான் பக்கத்துலதானே இருந்தேன்.

— அவளை இடிச்ச அந்த லாரிக்காரன் போலீஸ் ஸ்டேஷன்ல அழுதான். அவ நிமிர்ந்தே பாக்கல சார், மிதிச்சேன், லோடு வண்டி நிக்கலன்னு.

— தெரியும். அவரைத் திட்ட எனக்கு வாய் வரல.

— எனக்கும்தான்… சொல்லு. ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல அந்தச் சந்துல என்னதான் இருக்கு?

— ஒண்ணும் இல்ல. அந்த ஒண்ணுமில்லாததுக்குத்தான் போயிருக்கா. உள்ள நுழையற வரைக்கும் உயிர் தொண்டையில நிக்குது. நுழைஞ்சுட்டா தலைக்குள்ள யாருமே இல்ல. அவளுக்குத் தூக்கம் வராதே, ஞாபகம் இருக்கா? கதவைப் பூட்டினோமா, ரத்தக் குப்பியில பேரை மாத்தி ஒட்டிட்டோமான்னு விடிய விடிய முழிச்சிருப்பா. அங்க அதெல்லாம் யோசிக்க முடியாது. நாலஞ்சு மூச்சுதான். ஆனா அவ்வளவு அமைதி நான்… அவ, வேற எங்கயும் பாத்ததில்ல.

— யாரு?

— என்னங்க?

— ஒண்ணுமில்ல. கதை ஏன் பாதியில நிக்குது?

— மாட்டிக்கிச்சு. அவ சந்துக்குள்ள இருக்கறப்ப, முன்னாடி ஒரு கார் வந்து வழியை அடைச்சிடுது. பக்கத்து பஸ் ஒரு முழம் நகர்ந்தாலும் நசுங்கிடுவா. பச்சை விழுது. பின்னாடி இருக்கற அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்குது. அந்த பஸ் மட்டும் நகரல. கார் போய், அவ வெளியேறி, ஓரமா போய் நிக்கற வரைக்கும் அசையல.

— நல்லாத்தானே இருக்கு. இதுல எங்க மாட்டிக்கிச்சு?

— அந்த டிரைவர் ஏன் நகத்தலன்னு எனக்குத் தெரியல. பஸ் ரிப்பேர்னு எழுதினேன், பொய்யா இருந்துச்சு. ரொம்ப நல்லவர்னு எழுதினேன், அது அதைவிடப் பொய்யா இருந்துச்சு.

— எல்லா டிரைவரும் கெட்டவனா?

— அதில்லீங்க. கதவுப் பக்கம் இருக்கறவதான் உங்க கண்ணாடியில தெரிய மாட்டாளே. அப்புறம் எப்படி நின்னாரு?

— இப்ப என்ன பண்ணப் போற?

— நாளைக்குக் காலைல இன்னொரு தடவ அதே இடத்துக்குப் போய்… அந்தப் பொண்ணைப் போய்ப் பாத்துட்டு வரச் சொல்லணும்.

— அந்தப் பொண்ணையா?

— ஆமா.

— அந்தப் பொண்ணைப் போக வேணாம்னு சொல்லு. நான் சொல்றேன், எழுதிக்கோ.

— என்னன்னு?

— கண்ணாடியில ஒண்ணும் தெரியல அவனுக்கு. ஒரு கிழவர் இறங்க லேட்டானதால கதவு திறந்திருந்துச்சு. திரும்பிப் பாத்தான். பச்சை விழுந்துடுச்சு, கண்டக்டர் வந்து தோளைப் பிடிச்சு உலுக்கறான், 'அண்ணே, எடுங்கண்ணே'ன்னு. எப்படி எடுப்பான்? படிக்குக் கீழ, அவனைத் தவிர மத்த எல்லாத்தையும் பாத்துக்கிட்டு, செத்துப்போன மகளோட சைக்கிள்ல அவன் பொண்டாட்டி நிக்கறா.