நிறுத்தி வைத்த ஜீப்பில் பேட்டரி இறங்குவது ஏன்

நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி தானாக இறங்கக் கூடாது. என் ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று மாதக்கணக்கில் எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்து தொடங்கினால்தான் மேடம், மற்றது உங்களுக்குப் புரியும்.

அது இருபது வருடத்துக்கு மேல் ஓடிய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். புதிதாக வந்தபோது ஹெட்லைட், ஹாரன், வைப்பர் தவிர அதில் மின்சாரத்துக்குப் பெரிய வேலை கிடையாது. மற்றதெல்லாம் நான் சேர்த்தது. கூரையில் விளக்குகள், முன்னால் ஒரு வின்ச், அதாவது சேற்றில் மாட்டிக்கொண்டால் கம்பி வடத்தைச் சுற்றி வண்டியையே இழுக்கும் மோட்டார். இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரு ஃபிரிட்ஜ். டாஷ்போர்டில் சின்ன மின்விசிறி, அதன் பக்கத்தில் பெரிய ஹாரனுக்கான பொத்தான். கையால் சுற்றி ஏற்றும் கண்ணாடிகளை எடுத்துவிட்டுப் பவர் விண்டோ.

பழைய வண்டியில் சாவி வழியாகப் போகும் ஒயர் இத்தனையைத் தாங்காது. பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த ஒயர் இழுத்து, தனி ஃபியூஸ் பெட்டி வைத்துப் பிரிக்க வேண்டும். உங்கள் மேசையில் இருக்கும் தண்ணீர் பாட்டில்தான் பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி அதன் மூடி. நான் பாட்டிலின் அடியில் இன்னொரு துளை போட்டேன். அதனால் சாவி இல்லாமலே எல்லாம் ஓடும். காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும்போது அது வசதி.

ஆபீசுக்கு ஸ்கூட்டரில்தான் போவேன். மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தின் பின்பக்கம், வெயிலில், ஜீப் நிற்கும். ஒரு நாள் காலையில் ஒரே திருப்பில் கிளம்பும். மறுநாள் டிக் டிக் என்று மட்டும் சொல்லும். ஆபீஸ் விட்டு வந்ததும் மீட்டரை இணைத்து ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்ப்பேன். எங்காவது கசிவு இருந்தால், அந்த ஃபியூஸைப் பிடுங்கும்போது மீட்டரில் எண் குறைய வேண்டும். குறையவில்லை. குறைய ஒன்றும் இல்லை, முதலிலிருந்தே அது பூஜ்யம் காட்டியது. புது பேட்டரியும் வாங்கினேன். அதுவும் இறங்கியது.

விடையைச் சொன்னது எங்கள் வாட்ச்மேன் டில்லிபாபு.

"இன்னா சார், பேட்டரி பேட்டரின்னு தலைய பிச்சிக்கினு கீற. பெர்சு டெய்லி மத்தியானம் ஊட்டிக்குப் போய்ட்டு வராரு. எறங்காம இன்னா செய்யும்?"

"எந்தப் பெரிசு?"

"உன் நைனாதான் சார். ஏறி குந்திக்குவாரு. ஃபேன் போடுவாரு. தூசி வருதுன்னு கண்ணாடிய ஏத்திக்குவாரு. எறங்கணும்னா ஹாரன் அடிப்பாரு, நான் போய் கதவு தொறந்து வுடுவேன். நேத்து என்னையும் ஏறிக்கடான்னாரு. டிக்கெட் கேப்பாரோன்னு ஓடியாந்துட்டேன்."

அப்பா பெயர் வேதாந்தம் என்பது உங்களுக்குத் தெரியும். சில வருடங்களாக ஞாபகம் தவறிவிட்டது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஸ்வர்ணலதா என்ற அம்மா வருவார். சாப்பாடு கொடுத்துவிட்டு அவர் கண்ணயரும் நேரத்தில் அப்பா கீழே இறங்கிவிடுவார் போலிருக்கிறது. ஆக, கசிவு ஒயரில் இல்லை. நான் அளந்த நேரத்தில் அது மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தது.

அவரால் ஏன் தானாக இறங்க முடியாது என்று கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலையில் அழைத்துப் போவேன். ஒருமுறை கொட்டிவாக்கம் தாண்டும்போது, "பீச் வந்துடுத்துடா" என்று ஓடும் வண்டியில் கதவைத் திறந்துவிட்டார். அன்று மாலையே அந்தப் பக்கக் கதவின் உள்கைப்பிடியைக் கழற்றினேன். அது அவருடைய பாதுகாப்புக்காகச் செய்தது. டிரைவர் பக்கம் நகர்ந்து வர நடுவில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, அவர் முட்டி மடங்காது.

ஜீப்பைப் பூட்டி வைத்திருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. சில நாள் பூட்டினேன். வெளியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். "ஆத்துக்குப் போலாம் வாப்பா" என்றால், "நாழியாறதுடா, வண்டிய எடு" என்பார். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். "என்னைக் கேட்டா? நீதானே கெளம்பணும்னே?" என்றார்.

அது உண்மைதான். கிளம்ப வேண்டியவன் நான். அஸ்வத்தும் மற்ற நண்பர்களும் வருடத்துக்கு ஒருமுறை மேகமலைக்கு ஜீப் ஓட்டிப் போவார்கள். அதற்காகத்தான் வண்டியே வாங்கினேன். ஒருமுறை கூடப் போகவில்லை. இரவில் தங்க ஸ்வர்ணலதா அம்மாவுக்கு முடியாது. "எங்கூட்லயும் மனுசங்க கீறாங்க சார். வேணும்னா உங்கப்பாவையும் இட்டுக்கினு போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும், பேட்டரி நன்றாக இருந்தபோதும்கூட, அஸ்வத்திடம் பேட்டரி சரியில்லை, வர முடியாது என்று சொன்னேன். அப்பா என்று சொன்னதில்லை. இந்த மே மாதம் அவன் சிரித்தான். "மச்சி, அந்த பேட்டரிய தூக்கிப் போட்டுட்டு வாடா. எத்தன வருஷம் அதையே கட்டிக்கினு அழுவ?"

அவன் பேட்டரியைத்தான் சொன்னான். அவன் மேல் தவறு இல்லை.

கட் ஆஃப் சுவிட்ச் என்று ஒன்று விற்கிறது. பேட்டரியிலிருந்து வெளியே வரும் எல்லா மின்சாரத்தையும் ஒரே இடத்தில் துண்டிக்கும். பந்தய வண்டிகளில் அதை வெளியே வைப்பார்கள், விபத்தானால் ஓடி வருகிறவன் அணைக்க. நானும் முன் பம்பருக்குப் பக்கத்தில், வெளியே வைத்தேன். ரிலே என்ற சின்ன மின் சுவிட்சைப் போட்டு எல்லாவற்றையும் சாவி வழியாகத் திருப்புவது இன்னும் மலிவு, அதுவும் எனக்குத் தெரியும். நம் ஊர்ப் பழைய வண்டிகளில் ஹாரனை மட்டும் அதில் சேர்க்க மாட்டார்கள். அது சாவி இல்லாமலும் அடிக்கும்.

ஞாயிறு விடியலில் அஸ்வத்தோடு மேகமலைக்குக் கிளம்புவதாகப் பேச்சு. சனிக்கிழமை ஸ்வர்ணலதா அம்மாவுக்கு விடுமுறை. சாமான் கட்டக் கயிறு வேண்டும் என்று டில்லிபாபுவை ரங்கநாதன் தெருவுக்கு அனுப்பினேன். எங்கள் தெருமுனைக் கடையிலேயே கயிறு கிடைக்கும். சனிக்கிழமை தி.நகர் கூட்டத்துக்குள் போனவன் சீக்கிரம் திரும்ப மாட்டான்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டு எழுந்ததும் அப்பா கேட்டார். "கெளம்பலையாடா?"

"கெளம்பலாம்ப்பா. நீ போய் ஒக்காந்துண்டிரு. வந்துண்டே இருக்கேன்."

"மலையில குளிருமே."

ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். பொத்தானை மாட்டத் தெரியவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன்.

அவர் ஏறி உட்கார்ந்து, விசிறியைப் போட்டு, கண்ணாடியை மேலே ஏற்றும் வரை பின்வாசலில் நின்றேன். பிறகு போய் சுவிட்சைத் திருப்பினேன். விசிறி நின்றது. அவர் ஹாரன் பொத்தானை அழுத்தினார். பிறகு கண்ணாடிப் பொத்தானை. முன்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். கிளம்பு என்றாரா, திற என்றாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நானும் கையைத் தூக்கிவிட்டு மாடிக்குப் போய்ப் பையில் துணி அடுக்கினேன். ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தேன். கீழேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு இறங்கிக் கதவைத் திறந்தேன். அவர் இறந்திருந்தார். மறந்துபோய் ஏறிக்கொண்டார், நான் தூங்கிவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். அதை அடித்துவிடுங்கள்.

ஆம்புலன்ஸுக்கு போன் செய்வதற்கு முன்னால் ஒன்று செய்தேன். சுவிட்சைப் போட்டு, சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் கிளம்பியது. உங்கள் ஆட்கள் நேற்று ஸ்டேஷனுக்கு ஓட்டி வந்தபோதும் அப்படித்தான் கிளம்பியிருக்கும். ஒயரிங்கில் கடைசி வரை ஒரு குறையும் இல்லை. நின்ற வண்டிக்குள் யாரும் இல்லாவிட்டால் பேட்டரி இறங்காது.