இருவருக்கும் ஒரே முத்திரை

எங்கள் வீட்டில் காலைச் சமையல் என் வேலை. என் மனைவி சிஹாருவுக்கு அரிசி களையும் பொறுமைகூடக் கிடையாது. தண்ணீரில் அரிசியைப் போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவாள். குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். படிக்கிறவளைக் கல்யாணம் செய்துகொண்டவனுக்குச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் தத்துவம் சொல்லிக்கொடுப்பவள். கானாசாவாவில் ஒரு கல்லூரியில் பகுதிநேர வேலையில் இருந்தாள். அதுபோக, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்கடை மாடியில் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவாள். கைபேசி காட்டியதை வாங்கிவிட்டு, தானே தேர்ந்தெடுத்ததாக மனிதன் நினைத்துக்கொள்கிறான் என்பாள். வந்திருக்கும் பத்துப் பதினைந்து பேரும் தலையாட்டுவார்கள். கடைசி வரிசையில் நானும் ஆட்டுவேன். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு வடக்கே தூரத்தில் சப்போரோவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்கு நிரந்தர வேலை தருவதாகக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் தபாலை எடுப்பவன் நான், தொலைபேசியை எடுப்பவனும் நான். என் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அவளோடு போக முடியாது. தனியாகப் போனால் மூன்றே மாதத்தில் நூடுல்ஸ் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்வாள். வர இயலாது என்று தட்டச்சு செய்து, இழுப்பறையில் இருந்த பெயர் முத்திரையைக் குத்தி அனுப்பினேன். அதில் குரமோச்சி என்று குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவளும் குரமோச்சி, நானும் குரமோச்சி. போலிக் கையெழுத்து என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. நம் ஊரில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? எல்லாவற்றுக்கும் முத்திரைதானே.

"என்னை யாருக்குமே வேண்டாம் போல இருக்குங்க" என்று, கடிதம் வந்ததே தெரியாமல் சிஹாரு அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் கண் கலங்கியது. அப்புறம் ஃபுகுவோகாவிலிருந்து ஒரு கடிதம், அப்புறம் செண்டாயிலிருந்து ஒன்று. அதே பதில், அதே முத்திரை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வேறொரு கல்லூரிக்காரர்கள் கணினித் திரையில் நேர்காணல் என்று அவளையே நேராகக் கூப்பிட்டுவிட்டார்கள். திரைக்கு முத்திரை குத்த முடியாது. எனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்திருந்த தூக்க மாத்திரையைப் பொடித்து அன்று காலை மிசோ சூப்பில் கலந்தேன். பாதிக் கேள்வியிலேயே அவள் கண் சொருகிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குத் தன் மூளைமேல் சந்தேகம். எனக்கு அவள்மேல் சந்தேகம். கிண்ணத்தை முகர்கிறாளோ, யாருக்காவது எழுதுகிறாளோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் தினமும் கொஞ்சம் போட்டேன். கல்லூரி வேலையை அவளே விட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை மட்டும் விடவில்லை. அங்கேயும் ஃபிளாஸ்க்கில் சூப் கொண்டுபோவேன்.

கூட்டத்தில் தலையாட்டாதவர் ஒருவர்தான், ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் நெமோத்தோ.

"டீச்சர், நாமளாத் தேர்ந்தெடுத்தோம்னு நெனைக்கிறதை, பக்கத்துல இருக்கிறவனே முன்னாடியே தேர்ந்தெடுத்து வெச்சிருந்தா?" என்று ஒருநாள் கேட்டார். கேட்டது அவளை, பார்த்தது என்னை.

"எனக்குச் செருப்பு வாங்குறதுகூட இவருதான், நெமோத்தோ-சான். நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்!" என்றாள் சிஹாரு. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போன மாதம், அவள் குடிக்காமல் வைத்த ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டார். அடுத்தவன் வீட்டுச் சூப்பை முகர்ந்து பார்க்கிற மனிதனை அல்லவா நீங்கள் சந்தேகப்பட வேண்டும்?

ஆமாம், செய்தது நான்தான். மூன்று கடிதங்கள், இரண்டு வருடச் சூப். மறைக்க ஒன்றுமில்லை. அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். வீட்டுக்குத் திரும்பிவர விருப்பமா என்று அவளையே கேளுங்கள். அது அவளுடைய சுதந்திரம். ஆனால் நான் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். தனியாக இருந்தால், தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.