ஒரு மீட்டர் டேப்பு

இடுப்பை அளக்கச் சொன்னால் நீங்கள் டேப்பை எங்கே வைப்பீர்கள்? கால்சட்டைப் பட்டி இருக்கும் இடத்திலா? பின்லாந்தின் தம்பெரே நகரத்தில் ஹன்னுவும் அங்கேதான் வைத்தார். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சவுனா: அடுப்பின் சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி, படிப்படியான மரப்பலகைகளில் உட்கார்ந்து ஆவியில் வேர்க்கும் அறை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை ஹன்னு, அவர் மனைவி இர்மெலி இருவரின் முறை.

இர்மெலி: அங்க இல்ல... மேல. இன்னும் மேல.

ஹன்னு: இதுதான் இடுப்பு. அறுபத்தி ரெண்டு வருஷமா இதுதான் என் இடுப்பு.

இர்மெலி: அது வயிறு தொங்கி முடியற எடம். கடைசி விலா எலும்பு எங்க இருக்கு? தொட்டுக் காட்டு.

ஹன்னு: இருந்துச்சு... பாத்து ரொம்ப நாளாச்சு.

இர்மெலி: அதுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல அளக்கணும். மூச்ச விடு.

ஹன்னு: விட்டுட்டேன்.

இர்மெலி: விடல. மொகம் செவக்குது.

ஹன்னு: சவுனாவுல மொகம் செவக்காம பச்சையாவா இருக்கும்?

இர்மெலி: மூச்ச விடுடா கெழவா!

ஹன்னு: ...ஹூஊம்.

இர்மெலி: அய்யய்யோ.

ஹன்னு: என்ன?

இர்மெலி: டேப்பு தீந்துபோச்சு.

ஹன்னு: தீந்துபோச்சுன்னா?

இர்மெலி: டேப்பு தீந்துபோச்சு, வயிறு தீரல. இன்னும் நாலு விரல் அளவுக்கு இருக்கு.

ஹன்னு: மேஜை நாற்காலிக் கடையில சும்மா குடுக்கற காகித டேப்ப எடுத்துட்டு வந்தா அப்படித்தான். அது அலமாரி அளக்கறதுக்கு.

இர்மெலி: அலமாரியத்தான அளக்கறேன்.

ஹன்னு: சிரி, சிரி. மூணு வருஷமா ஒரே அளவு கால்சட்டை போடறேன். அது தெரியுமா உனக்கு?

இர்மெலி: கால்சட்டை அப்படியேதான் இருக்கு. வயிறு அதத் தாண்டிக் குதிச்சிருச்சு.

ஹன்னு: போதும். சாசேஜ எடு. கல்லு மேல வெச்சு எவ்ளோ நேரமாச்சு... வாசனை வருது.

இர்மெலி: கெடையாது.

ஹன்னு: என்ன கெடையாது? சவுனாவுக்கு வந்துட்டு சாசேஜ் கெடையாதா? எந்த ஊரு நியாயம்?

இர்மெலி: காலைல ஏழரைக்கு ரத்தம் குடுக்கணும். இனிமே வெறும் தண்ணிதான்.

ஹன்னு: நான் வரலன்னு எத்தன தடவ சொல்றது?

இர்மெலி: நேரம் வாங்கியாச்சு.

ஹன்னு: யாரக் கேட்டு வாங்கின?

இர்மெலி: உன் வயித்தக் கேட்டு. அது தலையாட்டுச்சு. நீ நடக்கறப்பவே ஆட்டுதே!

ஹன்னு: இர்மெலி... வெளையாடாத. நான் வரல.

இர்மெலி: அந்த அகப்பைய இங்க குடு.

ஹன்னு: ஊத்தாத. இப்பவே காது எரியுது. ஊத்தாத, ஊத்—

இர்மெலி: ஊத்திட்டேன். அடுப்புல தண்ணி ஊத்தினவங்க கேக்கலாம். மத்தவங்க உண்மைய சொல்லணும். கல்யாணம் ஆன நாள்லருந்து நம்ம சட்டம்.

ஹன்னு: பொய் சொன்னா கீழ்ப் பலகை. தெரியும். கேளு.

இர்மெலி: ரத்தம் குடுக்க ஏன் பயப்படற?

ஹன்னு: பயப்படல.

இர்மெலி: எறங்கு. கீழ்ப் பலகைக்குப் போ.

ஹன்னு: நெசமாத்தான் சொல்றேன்! பயமெல்லாம் இல்ல. தேவையில்ல, அவ்ளோதான்.

இர்மெலி: தேவையில்லையா! காலைலயும் சாயங்காலமும் அந்த சால்மியாக்கி டப்பாவத் தொறக்கற. உருளைக்கிழங்கு ஒரு வாய், கருப்பு மிட்டாய் ஒரு வாய். எந்த மனுஷனாவது அப்படித் திம்பானா?

ஹன்னு: ...எனக்குப் புடிக்குது.

இர்மெலி: எனக்கு ஒண்ணு குடுன்னா குடுக்க மாட்டேங்கற. டப்பாவ சட்டைப் பையில போட்டுப் பூட்டிக்கற.

ஹன்னு: அது உனக்கு ரத்தக் கொதிப்ப ஏத்தும். உன் நல்லதுக்குத்தான்.

இர்மெலி: ஆகா, என்ன அக்கறை!

ஹன்னு: சரி, வயிறுதான பிரச்சனை? எனக்கு மட்டும் ஏன்? நீயும் எந்திரி. டேப்ப குடு.

இர்மெலி: என்னைய எதுக்கு? என் கையப் பாரு, காலப் பாரு. கரண்டிக் காம்பு மாதிரி.

ஹன்னு: நியாயம்னா ரெண்டு பேருக்கும் நியாயம். எந்திரி. கைய எடு... இங்க விலா எலும்பு, இங்க இடுப்பெலும்பு. பாரு, சொல்லிக் குடுத்தத கத்துக்கிட்டேன். மூச்ச விடு.

இர்மெலி: விட்டுட்டேன்.

ஹன்னு: விடல. மொகம் செவக்குது.

இர்மெலி: ...ஹூம். போதுமா?

ஹன்னு: டேப்பு ஈரமாயிருச்சு, கிழியப் போவுது... இரு, ஆடாத. தொண்ணூத்தி ஒண்ணு! அடிச்சாச்சு! டேப்புல இன்னும் ஒம்போது மிச்சம். மீட்டருக்குள்ள வந்துட்ட. நீ பாஸு, நான் ஃபெயிலு. சாசேஜ நீ சாப்புடு, நான் வாசனை புடிக்கறேன்.

இர்மெலி: தொண்ணூத்தி ஒண்ணா... நல்லாப் பாத்தியா?

ஹன்னு: கண்ணாடி போடலதான், ஆனா நம்பர் பெருசு பெருசாத்தான் இருக்கு.

இர்மெலி: வசந்தத்துல எண்பத்தி ஒம்போதுதான இருந்துச்சு.

ஹன்னு: வசந்தத்துலயா?

இர்மெலி: ஒண்ணுமில்ல. தண்ணிப் பக்கெட்ட தள்ளு, காலு இடிக்குது.

ஹன்னு: பக்கெட்ட தள்ளல. அகப்பைய எடுக்கறேன்.

இர்மெலி: வேணாம் ஹன்னு, ரொம்ப சூடு—

ஹன்னு: ஊத்தியாச்சு. சொல்லு. வசந்தத்துல உன்ன யாரு அளந்தா?

இர்மெலி: ...நான் வேலை பாக்கற நூலகத்துக்கு வர்ற நர்ஸு. வேலை பாக்கறவங்க எல்லாரையும் பாத்தாங்க.

ஹன்னு: சரி. மீட்டருக்குள்ளதான இருக்க. அதுக்கு ஏன் மொகம் இப்படிப் போவுது?

இர்மெலி: மீட்டரு உன் கணக்கு. ஆம்பளைங்களுக்கு நூத்தி ரெண்டு தாண்டினாத்தான் ரொம்ப ஆபத்தாம். எங்களுக்கு எண்பத்தெட்டுலயே வந்துருதாம்.

ஹன்னு: இது என்ன ஓரவஞ்சனை?

இர்மெலி: நானும் அதத்தான் கேட்டேன். சின்ன வயசுல எங்க கொழுப்பெல்லாம் தொடையிலயும் பின்பக்கத்துலயும் சும்மா கெடந்துச்சாம். அதால பெருசா கெடுதல் இல்லையாம். மாசாமாசம் வர்றது நின்னப்புறம் அது வீடு மாத்திக்கிச்சாம். வயித்துக்குள்ள போயி ஈரலச் சுத்தி குடியிருக்காம்.

ஹன்னு: வாடகை குடுக்குதா?

இர்மெலி: வாடகை நம்மதான் குடுக்கணும். சக்கரையா. அதே அளவு கொழுப்பு, பொம்பளை வயித்துல இருந்தா இன்னும் மோசமாம். கை கால் ஒல்லியா இருக்கேன்னு நானும் தைரியமா இருந்துட்டேன்... உன்ன வேற பானை, பானைன்னு கூப்புட்டுக்கிட்டு.

ஹன்னு: இரு. ரத்தம் குடுக்கச் சொன்னாங்களா உன்ன?

இர்மெலி: தண்ணி ஊத்தாம கேக்கக் கூடாது.

ஹன்னு: இந்தா, ஊத்திட்டேன்! காலைல ஏழரை மணி யாரு பேருல இருக்கு?

இர்மெலி: ...என் பேருல.

ஹன்னு: அடிப்பாவி! அப்ப நான் எதுக்குப் பட்டினி? என் சாசேஜ் எதுக்குக் கருகுது?

இர்மெலி: நீயும் பட்டினியா பக்கத்துல நடந்து வந்தா எனக்கு ஓடத் தோணாதுன்னு நெனச்சேன். உனக்கும் சேத்து அங்கயே பாக்கச் சொல்லலாம்னு... ரெண்டு தடவ நேரம் வாங்கினேன் ஹன்னு. ரெண்டு தடவயும் வாசல் வரைக்கும் போனேன். கதவு தானா தொறந்துச்சு. உள்ள போகாம அடுத்த டிராம்ல ஏறித் திரும்பிட்டேன்.

ஹன்னு: பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொன்னியே, அதுவா?

இர்மெலி: ம்.

ஹன்னு: ரெண்டு தடவயும் பல்லு நல்லா இருக்குன்னு வந்து சொன்ன.

இர்மெலி: பல்லு நல்லாத்தான இருக்கு.

ஹன்னு: ஊசிக்கா இவ்ளோ பயம்?

இர்மெலி: ஊசிக்கு இல்ல. எங்கம்மாவுக்கு மொதல்ல ஒரு கால் விரல எடுத்தாங்க, நீயும்தான் பாத்த. அப்புறம் பாதம்... அவளுக்கும் கை கால் ஒல்லிதான். வயிறு மட்டும் இப்படித்தான் இருந்துச்சு. தெரியாம இருக்கற வரைக்கும் எனக்கு இல்லைன்னு வெச்சுக்கலாம் பாரு. தெரிஞ்சுட்டா...

ஹன்னு: உங்கம்மா தெரிஞ்சுக்காமயே இருந்ததாலதான் அப்படி ஆச்சு.

இர்மெலி: உனக்கு என்ன தெரியும்? நீ ஒரு நாளாவது டாக்டர் வாசப்படி மிதிச்சிருக்கியா? சும்மா... நாளைக்கும் ஓடிருவேன். எனக்குத் தெரியும்.

ஹன்னு: யாரோ கதவத் தட்டறாங்க. இதோ வந்துட்டோம்! ரெண்டே நிமிஷம்!

இர்மெலி: ஏழு ஆயிருச்சு. வா, போலாம்.

ஹன்னு: உக்காரு. பக்கெட்டுல இன்னும் ஒரு அகப்பை இருக்கு.

இர்மெலி: இன்னும் என்ன கேக்கணும் உனக்கு? எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

ஹன்னு: எனக்கு இல்ல. இந்தா, புடி. நீ ஊத்து.

இர்மெலி: நானா? என்ன கேக்க?

ஹன்னு: இத்தன மாசமா நீ கேக்காதத.

இர்மெலி: ...வெளிய கொக்கியில உன் பெல்ட்டு தொங்குது. அதுல புதுசா ஒரு ஓட்டை. ஆணியால போட்டிருக்க. இறுக்கறதுக்கு. நான் இன்னிக்குத்தான் பாத்தேன்.

ஹன்னு: அது கேள்வி இல்ல. ஊத்திட்டுக் கேளு.

இர்மெலி: சரி... ஊத்திட்டேன். சாசேஜ் சாசேஜ்னு குதிக்கற, ஆனா போன வாரமும் பாதியத் தட்டுலயே வெச்சுட்ட. தெனமும் குப்பை போடப் போறேன்னு போயி ஏரியச் சுத்திட்டு வர்ற. எவளயாவது புடிச்சிட்டியா?

ஹன்னு: இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டா?

இர்மெலி: அப்ப என்னன்னு சொல்லு.

ஹன்னு: அந்த சால்மியாக்கி டப்பாவுல மிட்டாய் இல்ல இர்மெலி, மாத்திரை. ஈஸ்டருக்கு மொத வாரம் எனக்கு சக்கரைன்னு சொன்னாங்க. உங்கம்மா காலப் பாத்தவ நீ, சொன்னா தூங்க மாட்டியேன்னு சொல்லல. நீயும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் தண்ணிய ஊத்திட்டு எத்தன பீரு குடிச்ச, எத்தன சாசேஜ் தின்னன்னுதான கேட்ட? பாரு, ஒரு விரலும் போகல. பத்தும் இருக்கு, எண்ணிக்கோ. உள்ள போறப்ப கையப் புடிச்சுக்கறேன், ஓடினா நானும் சேந்து ஓட வேண்டியிருக்கும். என்னால ஓட முடியாது.

மறுநாள் காலை ஏழரைக்கு இர்மெலி ரத்தம் கொடுத்தார். ஹன்னு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாசேஜை இருவரும் அடுப்புக் கல்லின் மேலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்கள்.