மூன்று தட்டல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வாசல் பக்கம் இருப்பவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் நல்லது. என் சிநேகிதி ஒருத்தியின் அக்காவுக்கு நடந்தது இது. ஒன்றும் சேர்க்காமல் சொல்கிறேன்.

இரவு பதினொன்றரை இருக்கும். ஊரைத் தாண்டி, கிடங்குகள் மட்டுமே இருக்கிற சாலை. சாயங்காலம் லாரிகள் போய்விட்டால் அப்புறம் அந்தப் பக்கம் நாய்கூட வராது. விளக்குக் கம்பங்கள் உண்டு... ஒன்று எரிந்தால் நான்கு எரியாது. அந்தச் சாலையில் அக்கா தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறாள். போன் ஸ்பீக்கரில். மறுமுனையில், வீட்டில், தங்கை, அதாவது என் சிநேகிதி. அத்தானின் அறையில், அத்தானின் நாற்காலியில், அத்தானின் லேப்டாப்புக்கு முன்னால்.

அத்தான் விபத்தில் போய் இரண்டு மாதம். அதே சாலையில்தான்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே தொழில். ஒரு கம்பெனி தன் கணக்கு வழக்கை எல்லாம் கிளவுடுக்கு, அதாவது எங்கேயோ வாடகைக்கு எடுத்த சர்வருக்கு, மாற்றுகிறது என்று வையுங்கள். அலுவலகத்துக்கும் அந்த சர்வருக்கும் நடுவே, வெளியார் எட்டிப் பார்க்க முடியாதபடி ஒரு சுரங்கம் போட வேண்டும். விபிஎன் என்பார்கள். இரண்டு முனையிலும் ஒரே ரகசியச் சாவியை அடித்தால்தான் சுரங்கம் திறக்கும். அக்கா அலுவலகத்துக்குப் போவாள். அத்தான் வீட்டில் உட்கார்ந்து கிளவுட் முனையைப் பார்ப்பார். சாவியை அவர்கள் எழுதியதே இல்லை. முதல் பாதி அக்கா அந்த நிமிடம் யோசித்துப் போனில் சொல்வாள். மறு பாதி அத்தான் சொல்வார். இருவரும் அடித்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

சுரங்கம் திறந்ததும் ஒரு விளையாட்டு. 'இருக்கிறாயா' என்று கேட்கிற சின்னத் தட்டல் ஒன்று உண்டு, பிங் என்பார்கள். வந்து சேரும் ஒவ்வொரு தட்டலுக்கும் இருவரின் லேப்டாப்பும் 'டொக்' என்று சத்தம் போடும்படி அத்தான் வைத்திருந்தார். மூன்று தட்டினால் 'சாப்பிட்டியா' என்று அர்த்தம். ஒன்று தட்டினால் 'ஆச்சு'.

ஆனால் அத்தானுக்கு ஒரு மறதி. போகிற வழியைப் போடுவார். திரும்பி வருகிற வழியைப் போட மறந்துவிடுவார். அக்கா தட்டுவது அங்கே போய்ச் சேரும். அங்கிருந்து பதில் வராது. "உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கறதுக்கு நானே அங்க வந்து போட்டுடறேன்" என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அந்தப் பக்கம் போய் வழி போடுவது அக்காதான்.

அந்தச் சாலையில் ஒரு கிடங்குக் கம்பெனியின் வேலை பாதியில் நின்றிருந்தது. சுரங்கத்துக்கான பெட்டியை மாட்டிவிட்டு வரேன் என்று அந்தத் தடவை தானே போன அத்தான் மாட்டிவிட்டார். வரவில்லை.

அதற்கப்புறம் அக்கா சாப்பிடுவதை விட்டுவிட்டாள் என்றே சொல்லலாம். தட்டில் வைத்ததைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவாள். தங்கை தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து கூடவே இருந்தாள். அவளுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. அக்காவை உயிரோடு வைத்திருப்பது. அதனால்தான் அக்கா தானாகவே "அந்த வேலைய முடிச்சுக் குடுத்துடறேன்" என்றபோது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். டிபன் டப்பாவில் இரண்டு ஆள் சாப்பிடுகிற அளவுக்குக் கட்டிக் கொடுத்தாள்.

"நர்சரியில அ, ஆ சொல்லிக் குடுக்கறவள உக்கார வெச்சு சுரங்கம் தோண்டச் சொல்றியே, உனக்கே நியாயமா இருக்கா?" என்றாள் போனில்.

"உன் புள்ளைங்களே தோண்டிரும். நீ நான் சொல்றத மட்டும் அமுக்கு."

"அத்தான் நாற்காலி கிரீச்சுங்குதுக்கா."

"பின்னால சாயாத. கவுத்து விட்டுரும். அது அவருக்கு மட்டும்தான் அடங்கும்." அக்கா லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவை.

கார் நின்றது. வாட்ச்மேன் குரல்: "வாங்கம்மா. சார் மாட்டிட்டுப் போன பெட்டி அப்படியேதான் இருக்குது. யாரும் கை வெக்கல." தூசி போகக் கூடாது என்று சர்வர் அறைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். செருப்பு கழலும் சத்தம்... கதவு... அப்புறம் ஏசியின் இரைச்சல், அதற்குள்ளே நூறு சின்ன விசிறிகள் சுற்றுகிற சத்தம்.

அக்கா சொல்லச் சொல்லத் தங்கை அமுக்கினாள். கடைசியில் சாவி. கட்டம் வெறுமையாக இருந்தது. என்ன அடித்தாலும் புள்ளியாகத்தான் தெரியும். ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளி.

"என் பாதிய சொல்றேன். அடி." எழுத்தெழுத்தாகச் சொன்னாள். எட்டு எழுத்து. தங்கை அடித்தாள். எட்டுப் புள்ளி.

"ம். இப்ப உன் பாதி. மனசுல வர்றதச் சொல்லு."

தங்கை யோசித்தாள். ஒன்றும் வரவில்லை. சட்டென்று யோசி என்றால் நமக்கு என்ன வரும், சொல்லுங்கள். வாயைத் திறக்கக்கூட இல்லை...

"ம்," என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் பொத்தான் அமுங்கும் சத்தம்.

"ம்... ம்... அடுத்தது?... ம்."

தங்கை உட்கார்ந்திருந்த அறையில் தைலம் மணத்தது. அத்தான் கழுத்து வலிக்கு ராத்திரி தேய்த்துக்கொள்கிற பச்சைத் தைலம். அந்தக் குப்பியை அவளே குப்பையில் போட்டிருந்தாள்.

"கடைசி எழுத்து சின்னதா, பெருசா?" என்று கேட்டாள் அக்கா. கொஞ்சம் நின்றாள். "சரி, சின்னது. அமுக்கிட்டேன்."

திரையில் பச்சை விளக்கு. சுரங்கம் திறந்துவிட்டது. கட்டத்தில் பதினாறு புள்ளிகள் இருந்தன.

"அக்கா..." என்றாள் தங்கை. "நான் எதுவுமே சொல்லலக்கா."



"தெரியும்டி," என்றாள் அக்கா. "உன் குரல் எனக்குத் தெரியாதா."

"வெச்சுட்டு வந்துரு. இப்பவே வா. வாட்ச்மேனக் கூப்பிடு."

"இரு. ஒரே ஒரு தடவ தட்டிப் பாக்கறேன்."

டொக். டொக். டொக்.

லேப்டாப்பிலிருந்து. அப்புறம் மறுபடி மூன்று. திரையில் இரண்டு எண்கள். வந்தது, போனது. வந்தது மூன்று, ஆறு, ஒன்பது என்று ஏறிக்கொண்டே போனது. போனது பூஜ்யம்.

"இங்க எதுவும் வரலியே," என்றாள் அக்கா. அவள் குரல் மாறியிருந்தது. அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. புருஷனைச் செல்லமாகத் திட்டுகிற பழைய குரல் அது. "திரும்பற வழி போடல. எத்தன தடவ சொன்னாலும் இந்த மனுசனுக்கு ஏறாது."

"நான் போடறேன்க்கா. எங்க போடணும்னு சொல்லு. நான் போடறேன்." தங்கை பதறினாள். அக்கா சொன்னாள். இந்தப் பக்கம் திற, இந்த எண்ணை அடி, சேமி. சேமித்தாள். திரை ஏற்றுக்கொண்டது. டொக் டொக் டொக். போனது பூஜ்யம்.

"நீ இருக்கற பக்கம் இல்லடி அது," என்றாள் அக்கா மெதுவாக.

"அப்ப வெட்டி விடு. சுரங்கத்த மூடு. வேற ஆள் வந்து போடட்டும்."

"அங்க எல்லாம் போய்ச் சேருது. அவருக்குக் கேக்குது. பதில் சொல்லத்தான் முடியல." பெருமூச்சு. "ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பாரு."

"அக்கா, டப்பாவத் தொற. முதல்ல ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் பேசலாம்." பாவம், அவளுக்கு அது ஒன்றுதான் தெரிந்திருந்தது.

"சாப்பிடறேன்," என்றாள் அக்கா. டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. "நீ படு. எப்பவும் போலத்தான். நானே அங்க போய்ப் போட்டுடறேன்."

நாற்காலி நகர்ந்தது. அப்புறம் விசிறிகளின் இரைச்சல். தங்கை கத்தினாள். போன் கட் ஆகவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. வாட்ச்மேன் நம்பர் அவளிடம் இல்லை. வண்டி பிடித்துக்கொண்டு போகலாம் என்று எழுந்தபோதுதான் திரையைப் பார்த்தாள்.

போனது: ஒன்று.

அதே நொடியில், போன் வழியாகக் கேட்க, ஆளில்லாத அந்த அறையில் அக்காவின் லேப்டாப்பும் ஒரு தடவை டொக் என்றது.

தங்கை போய்ச் சேர்ந்தபோது சர்வர் அறை உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னல் கிடையாது, வேறு கதவு கிடையாது. வாட்ச்மேனும் இன்னொருவரும் தோள் கொடுத்து உடைத்தார்கள். செருப்பு வெளியே ஜோடியாக இருந்தது. கார் சாவி மேஜை மேல். டிபன் டப்பாவில் பாதியும், மூடியில் பாதியுமாகப் பிரித்து வைத்த தடம். இரண்டும் காலி.

அக்காவைத் தேடாத இடமில்லை. விசாரித்தவர்கள் வாட்ச்மேனை நான்கு நாள் அலைக்கழித்தார்கள். "அம்மா உள்ள போனதப் பாத்தேன். வெளிய வரல. வேற என்னத்தச் சொல்றது," என்பதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை. கம்பெனி வேறு ஆள் வைத்துப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டது. சுரங்கத்தை அழித்தாயிற்று. தங்கை வீட்டில் இணையத்தையே துண்டித்துவிட்டாள்.

லேப்டாப்பை மட்டும் அவளால் தூக்கிப் போட முடியவில்லை. இருப்பது அது ஒன்றுதானே. அத்தானின் மேஜையில், மூடியபடி, மின்சாரம்கூடக் கொடுக்காமல் கிடக்கிறது. ராத்திரி அவள் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு தனியாக உட்காரும் நேரத்துக்கு உள்ளே இருந்து வரும். டொக். டொக். டொக்.

யாருடைய தட்டல் என்று அவளுக்குத் தெரியவில்லை. பதில் போட்டதில்லை. மூடி மேல் ஒரு தட்டல் போட்டால் போதும்தான்... அதற்கு அவள் இன்னும் துணியவில்லை. சில ராத்திரிகளில் விரல் வரைக்கும் வந்துவிடுகிறது என்றாள்.

நேற்று அவள் போன் செய்தாள். இப்போதெல்லாம் மூன்றோடு நிற்பதில்லையாம். மூன்று தட்டல். ஒரு மூச்சு விடுகிற நேரம். மறுபடி மூன்று, கொஞ்சம் மெதுவாக, வேறு கை.