கேள்வி கேட்டால் வாற பூனை

டிலக்ஷி: …நான் ஒண்டுமே செய்யேல்லை, அஸீஸா அக்கா. அது வழக்கம் போல அலுமாரிக்குக் கீழ கிடந்தது. போன் அடிச்சுது. எடுத்து, "என்ன?" எண்டு கேட்டன். வெளியில வந்து முன்னால நிக்குது.

அஸீஸா: கையில நெத்தலி இருந்திருக்கும்.

டிலக்ஷி: போன் மட்டும்தான் இருந்தது.

அஸீஸா: சரி, வந்தது. பிறகு?

டிலக்ஷி: போன்ல இந்த அறையைத் தந்த எமில்ராஜ் அண்ணை. அறையைத் திருப்பித் தாற நாளைக் கேட்டவர். எனக்கு வடிவா விளங்கேல்லை, "எப்ப?" எண்டன். உடன அலுமாரிக்குக் கீழ ஓடிப் போட்டுது.

அஸீஸா: அந்தக் கேள்விக்கு ஆரும் ஓடுவினம்தானே. உன்ரை அம்மா கலியாணம் எப்ப எண்டு கேக்கேக்க நீயும் இந்தப் பூனை அறைக்குள்ள வந்துதான் ஒளிக்கிறாய்.

டிலக்ஷி: பகிடி விடாதேங்கோ. நான் திரும்பத் திரும்பச் செய்து பாத்திட்டன். இப்ப பாருங்கோ… என்ன?

அஸீஸா: …ம்.

டிலக்ஷி: வந்திட்டுது. இனிப் பாருங்கோ… எப்ப?

அஸீஸா: போட்டுது.

டிலக்ஷி: ஏன்?

அஸீஸா: "ஏன்" எண்டதுக்கு ஒண்டும் செய்யேல்லை.

டிலக்ஷி: அது உங்களிட்டைக் கேட்டது, அக்கா.

அஸீஸா: எனக்கெங்கை தெரியும். உங்கடை வேதத்தில ஒண்டையும் நம்பாத ஆளைப் பாத்து, தோமையார் எண்டு பேர் வைச்சது நீ. அது பேருக்கேத்த மாதிரி நடக்குது.

டிலக்ஷி: எனக்குச் சிரிப்பு வரேல்லை. இஞ்சை நிண்ட பூனையள் எல்லாத்துக்கும் வீடு பிடிச்சுக் குடுத்திட்டம். தோமையார் மட்டும் ரெண்டு வீட்டை போய், ரெண்டு வீட்டாலையும் திரும்பி வந்திட்டார்.

அஸீஸா: முதல் கொண்டு போன பருத்தித்துறை ரீச்சர் சொன்னவ, தங்கடை வீட்டில பூனை நிண்டதுக்கு வெறுந் தட்டுத்தான் சாட்சி எண்டு.

டிலக்ஷி: திங்கட்கிழமை எமில்ராஜ் அண்ணை வலையளைக் கொண்டு வந்து இஞ்சை போடப் போறார். அதுக்குள்ள ஆரும் எடுக்காட்டில், கொண்டு போய் மீன் சந்தையில விடுறாராம். வயிறு நிறையத் தின்னும், சந்தோசமா இருக்கும் எண்டுறார்.

அஸீஸா: சைக்கிள் மணிக்கே நடுங்கிற சீவன். சந்தை நாயள் ஒரு நாள் விடாது.

டிலக்ஷி: அதை நினைச்சால் எனக்குச் சோறு இறங்குதில்லை, அக்கா. இண்டைக்கு வாற நமசிவாயம் ஐயாதான் கடைசி ஆள். அவரும் வேண்டாம் எண்டால் முடிஞ்சுது.

அஸீஸா: எந்த நமசிவாயம்? அரசாங்கக் கந்தோரால சிங்களத்தில வந்த கடிதத்தை உடைக்காமலே திருப்பி அனுப்பினவரோ?

டிலக்ஷி: ஓம், அவர்தான். "எனக்குச் சிங்களத்தில ஒரு எழுத்தும் தெரியாது" எண்டு உறைக்கு மேல எழுதி அனுப்பினவராம். அவையும் விடாமல் திருப்பி அனுப்ப, இவரும் விடாமல் திருப்பி அனுப்பினவராம்.

அஸீஸா: …அவரோ வாறார்.

டிலக்ஷி: ஏன் உங்கடை முகம் ஒரு மாதிரிப் போகுது?

அஸீஸா: ஒண்டுமில்லை.

டிலக்ஷி: அக்கா.

அஸீஸா: இதை எங்கை பிடிச்சது எண்டு சொன்னனீ?

டிலக்ஷி: கீரிமலைப் பக்கம். ஆமி விட்டிட்டுப் போன காணியில ஒரு வீடு. கூரை வேலைக்குப் போன பெடியள் குசினிக்குள்ள அடுப்படியில நிண்டதைப் பிடிச்சுக் கொண்டு வந்து தந்தவை.

அஸீஸா: காம்ப் இருந்த வீடு.

டிலக்ஷி: ஓம்.

அஸீஸா: அப்ப குட்டியில இருந்து அதுக்குச் சோறு போட்டது ஆர்?

டிலக்ஷி: ஆமிக்காரர்தான்.

அஸீஸா: அவை அதோட எந்தப் பாசையில கதைச்சிருப்பினம்?

டிலக்ஷி: சிங்களத்தில.

அஸீஸா: சிங்களத்தில "என்ன" எண்டால் "வா." "எப்பா" எண்டால் "வேண்டாம், விடு."

டிலக்ஷி: அப்ப நாங்கள் இவ்வளவு நாளும்…

அஸீஸா: வா எண்டு கூப்பிட்டிட்டு, கிட்ட வரேக்க வேண்டாம் எண்டிருக்கிறம். ஆருக்கும் அலுத்துப் போகும்.

டிலக்ஷி: நான் நிலத்தில குந்தி இருந்து, "வா ராசா, பயப்பிடாதை ராசா" எண்டு தொண்டை வத்தக் கதைச்சனானே.

அஸீஸா: அதுக்கு அது வெறுஞ் சத்தம்.

டிலக்ஷி: நீங்கள் உதை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? இப்பவோ?

அஸீஸா: இல்லை. இது வந்த கிழமையே.

டிலக்ஷி: வந்த கிழமையோ.

அஸீஸா: இயக்கம் எங்கடை முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்தால வெளியேத்தின பிறகு, நான் பிறந்து வளந்தது புத்தளத்திலதானே. பக்கத்து வீட்டுப் பிள்ளையளோட சிங்களத்திலதான் விளையாட்டு, சண்டை எல்லாம். நீ தேத்தண்ணி ஊத்தப் போற நேரத்தில இதோட ரெண்டு சொல்லுக் கதைப்பன். மடியில வந்து படுக்கும்.

டிலக்ஷி: மடியில. என்ரை கையை அது கிழிச்சு, நான் ஊசி போடப் போனனான்.

அஸீஸா: நான்தானே உன்னைக் கூட்டிக் கொண்டு போனனான்.

டிலக்ஷி: அப்பவும் சொல்லேல்லை. ஏன் அக்கா?

அஸீஸா: நாங்கள் யாழ்ப்பாணம் திரும்பி வந்த புதுசில ஒரு கடையில சாமான் வாங்கேக்க, ஒரு சிங்களச் சொல்லு வாயில வந்திட்டுது. கடைக்காரர் நிமிந்து பாத்து, "எந்த ஊர், பிள்ளை?" எண்டு கேட்டவர். என்ரை வாப்பா பிறந்த வீடு அந்தக் கடைக்கு நேர் முன்னுக்கு. பருப்பை வாங்கிக் கொண்டு வந்து வீட்டில இருந்து அழுதனான். அண்டையோட அந்தப் பாசையை ஆருக்கும் முன்னால எடுக்கிறேல்லை.

டிலக்ஷி: …நான் அப்பிடிக் கேக்க மாட்டனே.

அஸீஸா: தெரியும். வாய்தான் பழகிப் போச்சு.

டிலக்ஷி: சரி. இப்ப இந்தக் கதையை ஐயாவுக்குச் சொன்னால்?

அஸீஸா: கடிதத்தை அனுப்பின மாதிரி இதையும் அனுப்புவார்.

டிலக்ஷி: அப்ப சொல்லாமல் விடுவம். அது தமிழ்ச் சொல்லும்தானே. அவர் தமிழில கேள்வி கேக்கட்டும், பூனை சிங்களத்தில வரட்டும். ரெண்டு பேருக்கும் நட்டமில்லை. வேறயும் அப்பிடிச் சொல்லுக் கிடக்கோ?

அஸீஸா: "கன்ன" எண்டால் "சாப்பிடு."

டிலக்ஷி: கண்ணா.

அஸீஸா: கொஞ்சம் இழுத்தால் கண்ணாதான்.

டிலக்ஷி: அப்ப பேரைக் கண்ணன் எண்டு மாத்துவம். ஐயா சைவம்தானே. கூப்பிட்ட உடன சாப்பாட்டுத் தட்டடிக்குப் போகும்.

அஸீஸா: ஒரு நிமிசத்தில தோமையாரை மதம் மாத்திப் போட்டாய்.

டிலக்ஷி: மீன் சந்தைக்கு இது பரவாயில்லை. அவர் மன்னிப்பார்.

அஸீஸா: கேற் சத்தம் கேக்குது. அவர்தான்.

நமசிவாயம்: வணக்கம், பிள்ளையள். நமசிவாயம். ஓட்டோவை வாசலில நிப்பாட்டிப் போட்டு வந்தனான். எங்கை ஆள்?

டிலக்ஷி: வாங்கோ ஐயா, இருங்கோ. அலுமாரிக்குக் கீழ இருக்கிறார். கொஞ்சம் கூச்சம்.

நமசிவாயம்: இருக்கட்டும். நானும் ஆக்களுக்கு முன்னால வாறது குறைவு.

டிலக்ஷி: நான் வேற குட்டியளின்ரை படமும் அனுப்பினனான். நீங்கள் இதுதான் வேணும் எண்டு நிண்டிட்டீங்கள்.

நமசிவாயம்: மூஞ்சை பிடிச்சுப் போச்சு. பேர் எப்பிடி?

டிலக்ஷி: கண்ணன்.

நமசிவாயம்: படத்துக்குக் கீழ தோமையார் எண்டு கிடந்தது.

டிலக்ஷி: …அது ஞானஸ்நானப் பேர், ஐயா. கண்ணன் எண்டுறது வீட்டில கூப்பிடுறது.

நமசிவாயம்: ஓகோ.

டிலக்ஷி: இவரைக் கூப்பிடுறதுக்கு ஒரு முறை இருக்கு. "வா" எண்டு சொல்லப்படாது. கேள்வி கேக்கோணும். "என்ன?" எண்டு கேளுங்கோ… பாத்தீங்களோ, நான் சொன்னதுக்கே தலையை நீட்டுறார்.

நமசிவாயம்: என்ன?

அஸீஸா: வந்திட்டார்.

நமசிவாயம்: விசாரிச்சால்தான் வருவார்.

டிலக்ஷி: மரியாதை பாக்கிறவர், ஐயா. இனி "கண்ணா" எண்டு கூப்பிடுங்கோ. போய்ச் சாப்பிடுவார்.

நமசிவாயம்: கண்ணா. …ஓம், சாப்பிடுறார்.

டிலக்ஷி: தமிழ் நல்லா விளங்கும்.

நமசிவாயம்: தெரியுது.

அஸீஸா: ஒரு கேள்வியை மட்டும் கேக்கப்படாது, ஐயா.

நமசிவாயம்: எதை?

அஸீஸா: "எப்ப" எண்டு… போச்சு. நானே ஓட்டிப் போட்டன்.

நமசிவாயம்: அவரிலை பிழை இல்லை. காணி எப்ப விடுவினம், காணி எப்ப விடுவினம் எண்டு முப்பது வருசத்துக்கு மேல கேட்டுக் களைச்சவன் நான். எனக்கும் அந்தக் கேள்வி பிடிக்காது.

டிலக்ஷி: சரி ஐயா, இனிப் பெட்டிக்குள்ள ஏத்துவம். என்ன? …என்ன, ராசா?

அஸீஸா: வாறார்… வாறார்… பெட்டி வாசலில நிண்டிட்டார்.

டிலக்ஷி: உள்ளுக்குப் போ, ராசா. உள்ளுக்கு.

அஸீஸா: அசையுதில்லை.

டிலக்ஷி: அக்கா, இஞ்சை வாங்கோ. மெதுவாச் சொல்லுங்கோ. "போ" எண்டதுக்கு ஏதும் சொல்லுக் கிடக்கோ?

அஸீஸா: கிடக்கு. தமிழுக்குப் பொருந்தாது.

நமசிவாயம்: ரெண்டு பேரும் குசுகுசுக்கிறீங்கள்.

டிலக்ஷி: ஒண்டுமில்லை, ஐயா.

நமசிவாயம்: ஓட்டோக்காரத் தம்பி ஹோர்ன் அடிக்கிறார். பூனைக்கு விருப்பம் இல்லையெண்டால் விடுங்கோ, பிள்ளை. ஒருத்தரையும் இழுத்துப் பறிச்சுக் கொண்டு போக எனக்கு மனம் இல்லை.

டிலக்ஷி: ஐயா, நில்லுங்கோ. நீங்கள் விட்டிட்டுப் போனால் இது மீன் சந்தைக்குத்தான் போகும். ஒரு நிமிசம் நில்லுங்கோ. …அக்கா, சொல்லுங்கோ.

அஸீஸா: அவருக்கு முன்னாலயோ.

டிலக்ஷி: ஆர் எந்த ஊர் எண்டு கேட்டாலும் மறுமொழி சொல்ல நான் நிக்கிறன். சொல்லுங்கோ.

அஸீஸா: …யன்ன. யன்ன… யன்ன.

டிலக்ஷி: ஐயோ. திரும்பியும் அலுமாரிக்குக் கீழ.

நமசிவாயம்: இப்ப சொன்னது தமிழ் இல்லை.

அஸீஸா: இல்லை, ஐயா. சிங்களம். நான்தான் சொன்னனான்.

டிலக்ஷி: மறைச்சது நான். இது ஆமிக் காம்பில வளந்த பூனை. இதுக்குத் தமிழில ஒரு சொல்லும் விளங்காது. நீங்கள் கேட்டதெல்லாம் இதுக்குச் சிங்களமாத்தான் கேட்டது. கோவமோ, ஐயா?

நமசிவாயம்: கோவம்தான். பயந்து போய் நிக்கிறவருக்கு "யன்ன" எண்டு சொல்லுறதோ, பிள்ளை? "போ" எண்டால் அவர் எங்கை போறது?

அஸீஸா: …எங்கடை ஆக்களுக்கும் அப்பிடித்தான் ஒருக்காச் சொன்னவை. எங்கை எண்டு சொல்லேல்லை.

நமசிவாயம்: தெரியும், பிள்ளை. அதுதான் சொல்லுறன். "யமு" எண்டு சொல்லோணும். "போவம்" எண்டு.

டிலக்ஷி: ஐயா…

நமசிவாயம்: தள்ளுங்கோ, நான் நிலத்தில இருக்கிறன். முழங்கால் மடங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். …ஆ. மெஹே என்ன, புத்தே. ஹா… ஹா… கெதர யமு. கெதர யமு, புத்தே.

டிலக்ஷி: வருது.

அஸீஸா: பெட்டிக்குள்ள போட்டுது. தானாவே போட்டுது.

நமசிவாயம்: கதவைச் சாத்தும், பிள்ளை. மெதுவா.

டிலக்ஷி: ஐயா, சிங்களத்தில ஒரு எழுத்தும் தெரியாது எண்டு எழுதி அனுப்பினனீங்களாம்.

நமசிவாயம்: எழுத்துத் தெரியாதுதான். கதைக்க மட்டும் தெரியும். இடம்பெயந்து போய் மாத்தறையில கனகாலம் பேக்கரி வைச்சிருந்தனான். பாண் விக்கிறதுக்கு எழுத்துத் தேவைப்படேல்லை. …ஊருக்குள்ள உதைக் கதைச்சுப் போடாதேங்கோ.

அஸீஸா: நான் ஏன் கதைக்கப் போறன், ஐயா. எனக்கும் சிங்களம் தெரியாதுதானே.

டிலக்ஷி: அப்ப கடைசியாச் சொன்னது என்ன—

அஸீஸா: அந்தச் சொல்லைச் சொல்லாதை. பெட்டிக் கதவில முட்டுது.

டிலக்ஷி: சரி, சரி. "கெதர யமு, புத்தே" எண்டால்?

நமசிவாயம்: "வீட்டை போவம், மகனே."

டிலக்ஷி: உங்கடை வீடு அவருக்குத் தெரியாதே, ஐயா. போன உடன எங்கையும் போய் ஒளிப்பார். பழகிற வரைக்கும் பொறுங்கோ. திருப்பிக் கொண்டு வந்திடாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.

நமசிவாயம்: கூரை வேலைப் பெடியள் உவரைப் பிடிச்ச குசினி, என்ரை குசினி, பிள்ளை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு போய்க் கதவைத் திறக்கிறன், உள்ளுக்கு உவர் நிக்கிறார். ஆர் நீர் எண்டு கேக்கிற மாதிரி ஒரு பார்வை. பேந்து பெடியள் சாக்கில போட்டுக் கட்டேக்க, விடுங்கோடா எண்டு சொல்லவும் வாய் வரேல்லை. ஆமியின்ரை பூனைக்கு நமசிவாயம் வழக்காடுறார் எண்டு ஊர் சிரிக்கும் எண்டு பேசாமல் நிண்டிட்டன். அண்டையில இருந்து எனக்கு அந்த வீட்டில ஒழுங்கான நித்திரை இல்லை. உவர் ஒளிக்க மாட்டார், பிள்ளை. அது உவற்றை வீடு. நான்தான் இன்னும் பழகேல்லை.